எத்திராஜ் நனைந்த படம்

குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வரும் நல்லாங்குளத்தில், வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலையில், செத்து மூன்று வருடமான மினிபஸ் டிரைவர் எத்திராஜ், இருபதடி அகலமும் பத்தடி உயரமுமாகத் தலைமுதல் மார்புவரை சொட்டச் சொட்ட நனைந்தபடி, பஸ் ஸ்டாண்டின் மேற்கு மூலையில் வந்து நின்றார்.

முதலில் பார்த்தது கருவாடு விற்கும் ஆவுடைத்தாய். கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே மூன்று தெரு நடந்து சீனியம்மாளின் வீட்டு வாசலுக்கு வந்து, "மயினி, அண்ணன் பஸ் ஸ்டாண்டுல நிக்காரு, ஒரு எட்டு வந்து பாரு" என்றாள். சீனியம்மாள் எத்திராஜின் மனைவி. நடுநிலைப்பள்ளியில் சத்துணவு சமைப்பவள். அன்றைக்குக் கொண்டைக்கடலை போடுகிற நாள். ஊறவைத்த கடலையை வடித்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடியே கிளம்பிவிட்டாள். எப்படி வந்தார், எதற்கு வந்தார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

புதிதாகக் கட்டியிருந்த விளம்பரப் பலகையில் அவர் இருந்தார். முகத்தை வானத்துக்குத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடி, மேல்வரிசைப் பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு, காக்கிச் சட்டை உடம்போடு ஒட்டிப்போய், மழைக்கு நடுவில் நின்றார். அது சீனியம்மாள் எடுத்த படம். அவள் வாழ்நாளில் உருப்படியாக எடுத்தது அது ஒன்றுதான். படத்துக்குப் பக்கத்தில் ஆளுயர எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'நான் மாடசாமி. இருபது வருடக் குடியை நாற்பதே நாளில் விட்டேன். நலஜோதி சூரணம்.'

எத்திராஜ் குடித்ததில்லை. கடைசி டிரிப்பில் ஏறும் குடிகாரர்களைப் பின்ஸீட்டில் உட்காரவைத்து, மடியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, அவரவர் வாசலில் பஸ்ஸை நிறுத்தி, வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் என்றுதான் சுற்றுப்பட்டி பதினெட்டிலும் அவருக்குப் பேர். சீனியம்மாள் எழுத்துக்களை ஒருதரம் படித்தாள், பிறகு அவற்றை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்போதுதான் பலகையிலிருந்து மழை பெய்தது.

படத்துக்குள் பெய்துகொண்டிருந்த மழை படத்தை விட்டு வெளியே வந்து, அடியில் நின்ற இரண்டு சைக்கிளின் மேலும், ஒரு கொய்யாப்பழத் தள்ளுவண்டியின் மேலும், டீக்கடை சேர்மக்கனியின் பன் பாட்டில்களின் மேலும் சாய்வாக விழுந்தது. சேர்மக்கனி பாட்டில்களை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, தார்ப்பாயை இரண்டடி முன்னால் இழுத்துக் கட்டினான். கொய்யாப்பழக்காரர் பழங்களைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். ஆவுடைத்தாய் மட்டும், "கருவாடு நனையுது மயினி, வா அந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். சீனியம்மாள் திரும்பியதும் மழை நின்றது.

யார் நின்றால் பெய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஊருக்கு இரண்டு நாள் பிடித்தது. சேர்மக்கனி நின்று பார்த்தான். ஏட்டையா நின்று பார்த்தார். கோயில் பூசாரி குளித்து முழுகி நின்று பார்த்தார். எத்திராஜின் ஒரே மகள், பதினோராம் வகுப்புப் படிக்கும் நிறைமதி, பள்ளிக்கூடப் பையோடு அரைமணி நேரம் நின்று பார்த்தாள். ஒரு பொட்டு விழவில்லை. சீனியம்மாள் வந்து அண்ணாந்து பார்த்தால் பெய்தது, குனிந்தால் நின்றது, கண்ணிமைத்தால் மட்டும் அந்த இமைப்பு அளவுக்குப் பொறுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஊர் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. அதற்கு வேலை இருந்தது. காலை ஆறரை மணிக்குச் சீனியம்மாள் வருவாள் என்று ஏற்பாடு. ஆறு மணிக்கே பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் குடங்கள் வரிசை கட்டும். மினிபஸ் பத்து நிமிடம் தள்ளிக் கிளம்பியது. சுகாதார ஆய்வாளர் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், உப்பு குறைவு, குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். 'நீராதாரம்' என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'மேலிருந்து' என்று எழுதினார். அந்தத் தண்ணீரில் பருப்பு ஒரே கொதியில் மலர்ந்தது. தலைக்கு ஊற்றினால் முடி பட்டுப்போல ஆனது. பெண்கள் குடம் நிறைந்ததும் பலகையைப் பார்த்து, "வாறேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உயிரோடிருக்கையில் அவர் ஓட்டிய பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர்கள் சொன்ன அதே சொல்தான்.

சீனியம்மாளுக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் அரைமணி நேரம் ஊர் நடுவில், யாரும் ஏன் என்று கேட்காமல், புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சலுகை எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்?

ஆனால் இரண்டாவது வாரத்தில், வெளியூர்ப் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நேராகப் பலகைக்கு வந்து, அதன் இரும்புக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கன்னத்தில் பழைய காயம் ஒன்று கறுத்திருந்தது. பக்கத்தில் நின்ற சீனியம்மாளிடம், "இந்த அண்ணனைப் பாத்தீயளா? இருபது வருசம் பொண்டாட்டியை என்ன பாடுபடுத்தியிருப்பாரு! இவரே திருந்திட்டாருன்னா எங்க வீட்டுக்காரரும் திருந்திருவாரு. சூரணம் எங்கக்கா கிடைக்கும்?" என்று கேட்டாள்.

சீனியம்மாள் எழுத்துக்களை மறுபடியும் ஒருதரம் படித்தாள். அன்று மழை சரியாகப் பெய்யவில்லை. பதினொரு குடம் பாதியில் நின்றது. மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் கையைக் கழுவியதும், உரக்கடை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் ஞானதிரவியத்திடம் போனாள்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார். "படத்துல இருக்கது உங்க வீட்டுக்காரரு. அதுல யாருக்கும் சந்தேகமில்லம்மா. ஆனா படம் யாருக்குச் சொந்தம்னு சட்டத்துக்கிட்ட கேட்டா, அது உள்ள நிக்கவரைப் பாக்காது. எடுத்தது யாருன்னுதான் பாக்கும்."

"எடுத்தது நான்தான்."

"அதை நாம காட்டணும். எடுத்த போன் இருக்கா? அதுல அசல் படம் கிடந்தா, என்னைக்கு எடுத்தது, எந்த போன்ல எடுத்ததுன்னு அதுக்குள்ளயே பதிஞ்சிருக்கும்."

போன் இரண்டு வருடம் முன்னால் சாம்பார் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. கரண்டியால் துழாவி எடுத்தபோது பருப்போடு பருப்பாக வெந்திருந்தது. முதல் வருட நினைவு நாளுக்கு நிறைமதி அந்தப் படத்தை 'நல்லாங்குளம் மினிபஸ் நண்பர்கள்' என்ற முகநூல் குழுவில் போட்டிருந்தாள். முந்நூறு பேர் கும்பிடும் கையைப் போட்டிருந்தார்கள். மிஞ்சியது அது ஒன்றுதான்.

"அங்க ஏத்தும்போதே உள்ள இருக்க விவரமெல்லாம் உதிர்ந்துபோயிரும்" என்றார் வக்கீல். ஆனாலும் நிறைமதியை வரச்சொல்லி, அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். வலது கீழ்மூலையில் ஏதோ மங்கலாகச் சிவந்து தெரிந்தது.

"அது என்ன?"

"என் கட்டைவிரல்" என்றாள் சீனியம்மாள். "எடுக்கத் தெரியாம எடுத்தேன்லா, விழுந்திருச்சு."

வக்கீல் எழுந்து ஜன்னல் வழியே பஸ் ஸ்டாண்டுப் பலகையைப் பார்த்தார். அதில் அந்த மூலை வெட்டப்பட்டிருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, "வெட்டுனது அவங்ககிட்ட இருக்கு, வெட்டாதது நம்மகிட்ட இருக்கு. நல்லதாப் போச்சு" என்றார். முழுப் படத்தின் பிரதி, முகநூலில் போட்ட தேதி, எத்திராஜின் டிரைவர் லைசென்ஸ், இறப்புச் சான்றிதழ், இவற்றோடு, வேறு எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாததால் 'இதர ஆவணங்கள்' என்று குறிப்பிட்டு, மேற்படி படத்திலிருந்து பெய்த மழைநீர் ஒரு லிட்டரையும் மூடி முத்திரையிட்டு, நலஜோதி நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. படம் தங்களுக்காக கிளமென்ட் என்ற புகைப்படக் கலைஞரால் குற்றாலச் சாரலில் எடுக்கப்பட்டது. உருவ ஒற்றுமை தற்செயலானது. மழைநீர் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. எனினும் நேரில் வந்து விளக்கத் தயார்.

நோட்டீஸ் விஷயம் பரவியதும்தான் ஊருக்கு உறைத்தது. சீனியம்மாள் ஜெயித்தால் பலகை இறங்கிவிடும்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொருத்தராக, வேறு காரியமாக வந்ததுபோல வந்து, உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது அந்தப் பேச்சை எடுத்தார்கள். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளைப் பற்றிச் சொன்னார்கள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி விழுந்து கையை முறித்துக்கொண்டவளைப் பற்றிச் சொன்னார்கள். கடைசியில் ஆவுடைத்தாயே வந்து, கருவாட்டு மணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து, "மயினி, கோவிச்சுக்கிடாத. அந்த எழுத்துல மட்டும் தாரைப் பூசி அழிச்சிருவமா? படம் பாட்டுக்கு நிக்கட்டுமே" என்றாள்.

"அழிச்சா மறுநாளே புதுசு கட்டிருவாங்க ஆவுடை. பலகை அவங்களுதுல்லா."

"கட்டுனா மறுபடி அழிப்பம்."

உள்ளேயிருந்து நிறைமதி வந்தாள். அழுத முகம். "உங்களுக்கெல்லாம் தண்ணி வேணும்ங்கதுக்காக எங்கப்பா குடிகாரனா நிக்கணுமா அத்தை? எங்க கிளாஸ்ல என்னை மாடசாமி மகள்னு கூப்பிடுதாங்க."

ஆவுடைத்தாய் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு போனாள். சீனியம்மாள் மகளை அதட்டவில்லை, அணைக்கவும் இல்லை. அவள் தலைமுடியைப் பிரித்து, எண்ணெய் தடவி, மெதுவாக, தேவைக்கு அதிகமாகவே நேரமெடுத்துப் பின்னிவிட்டாள். அந்த முடியும் நாற்பது நாளாக அதே மழைத்தண்ணீரில் குளித்து மின்னியது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நிறுவனத்திலிருந்து மேனேஜர் சடகோபனும் கிளமென்ட்டும் காரில் வந்தார்கள். கிளமென்ட் இருபத்தைந்து வயதுப் பையன். தோளில் காமிராப் பை. யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான். ஊர் முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் இருந்தது. குடங்களும் இருந்தன. ஞானதிரவியம் சீனியம்மாளைப் பலகை தெரியாத மருந்துக்கடைக்குள் உட்காரவைத்துவிட்டு, கிளமென்ட்டைக் கூப்பிட்டுப் படத்துக்கு நேரே நிறுத்தினார்.

"நல்லா அண்ணாந்து பாருங்க தம்பி."

கிளமென்ட் பார்த்தான். கால்மணி நேரம் பார்த்தான். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. பலகையின் விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து காத்திருந்துவிட்டுப் பறந்துபோனது.

"மழை வர்றது, வராதது எல்லாம் ஆதாரம் இல்ல சார்" என்றார் சடகோபன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. அவர் குரலில் கடுமை இல்லை. இதைவிட விநோதமான ஊர்களுக்கும் விளம்பர வேலையாகப் போய்வந்தவர். "மனுச சாட்சி இருக்கா? இந்தம்மா எடுத்ததைப் பாத்தவங்க?"

ஞானதிரவியம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு அந்த பஸ்ல வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

இருந்தார்கள். அந்த மினிபஸ்ஸில் ஏறாத ஆள் நல்லாங்குளத்தில் கிடையாது. ஆனால் எல்லோரும் அவரவர் குடத்தைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்குள் சீனியம்மாளுக்கு அந்த மௌனம் கேட்டது, கோபம் வரவில்லை, அவர்கள் வீட்டு அடுப்படிகள் அவளுக்குத் தெரியும்.

அப்போது ஆவுடைத்தாய் இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். வெறுங்குடம், சிமென்ட் தரையில் டொங்கென்று சத்தம் போட்டது.

"நான் இருந்தேன்" என்றாள். "மூணு வருசமா மழை இல்லாமக் கிடந்து பெஞ்ச மொத மழை அது. ஓடைப்பாலத்துக்கிட்ட அண்ணன் பஸ்ஸை நிறுத்திட்டு, இறங்கி நின்னுட்டாரு. என் கருவாட்டுக் கூடை பஸ் கூரையில நனைஞ்சு நாசமாகுது, நான் கத்துதேன், அவரு காதுல வாங்கல. மயினிதான் எடுத்தா. நான் பாத்தேன்."

"நானும் இருந்தேன்" என்றான் சேர்மக்கனி. "பின்ஸீட்டுல. அன்னைக்கு எனக்கு நிதானம் இல்ல. ஆனா இருந்தேன்." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அதோடு வரிசையாகக் குடங்கள் தரையில் இறங்கின. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தவர், மகனுக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர்கள், சில்லறை பாக்கிக்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் என்று பதினேழு பேர் முன்னால் வந்து நின்றார்கள்.

சீனியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து பலகையைப் பார்க்காமல் கிளமென்ட்டின் முன்னால் நின்றாள்.

"தம்பி, இதை எடுக்கப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"அருவிக்கு... அருவிக்கு எதிர்ல, பாலத்துமேல."

"நான் நிக்கல. உக்காந்திருந்தேன்" என்றாள் சீனியம்மாள். "அவரு ஸீட்டுல. கல்யாணமாயி பதினாறு வருசத்துல அந்த ஸீட்டுல யாரையும் உக்கார விட்டதில்ல. அன்னைக்கு, 'சீனி, நீ வந்து உக்காரு, நான் நனையணும்'னு சொல்லி இறங்குனாரு. வைப்பர் ஓடிக்கிட்டிருந்துச்சு. கண்ணாடிக்கு முன்னால மாட்டியிருந்த எலுமிச்சம்பழம் ஆடிக்கிட்டிருந்துச்சு. ஸ்டியரிங் அவரு கைச்சூடு மாறாம இருந்துச்சு. இடதுகையை அதுல வச்சிக்கிட்டு, வலதுகையில போனைப் பிடிச்சேன். பஸ்ல எல்லாரும் கத்துதாங்க. அவரு சிரிச்சது படம் எடுக்கேன்னு தெரிஞ்சு இல்ல. எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது."

சொல்லிவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள்.

மழை அதுவரை பெய்யாத அளவுக்குப் பெய்தது. கூட்டம் கலையவில்லை. கிளமென்ட் காமிராப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓடவும் தெரியாமல், பலகைக்கு நேர் கீழே முழுக்க நனைந்து நின்றான். சீனியம்மாளே போய் அவன் முழங்கையைப் பிடித்து, தார்ப்பாய்க்கு அடியில் கொண்டுவந்து, சேர்மக்கனியின் தோளிலிருந்த துண்டை உருவி அவன் கையில் கொடுத்தாள். "மொதல்ல தலையைத் துவட்டு. பையை நான் பிடிச்சுக்கிடுதேன்."

அவன் துவட்டினான். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே, "நான் எடுக்கலம்மா" என்றான். "நெட்ல கிடைச்சது. சிரிக்கிற முகமாத் தேடிட்டிருந்தேன். எல்லாமே பொய்ச் சிரிப்பா இருந்துச்சு, இது ஒண்ணுதான்... படத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்து பாத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

சடகோபன் காரின் மேல் தாளை வைத்து, நனைந்துவிடாமல் குனிந்து மறைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். படம் சீனியம்மாளுக்கு உரியது; அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கு வருந்துகிறோம்; எல்லா ஊர்ப் பலகைகளிலிருந்தும் எடுத்துவிடுகிறோம்; இந்தப் பலகையை என்ன செய்வது என்பது அவர் விருப்பம். ஞானதிரவியம் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "உங்க விருப்பம் என்னம்மா?" என்றார்.

சீனியம்மாள் குடங்களைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "இறக்கிருங்க" என்றாள்.

ஏணி கொண்டுவந்தது சேர்மக்கனி. கட்டுக்கம்பிகளை வெட்டியது ஆட்டுக்குட்டிக்காரர். ஈரமாக இறங்கிய அந்தப் பெரிய பேனரை ஆவுடைத்தாயும் இன்னும் பதினொரு பெண்களும் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு, மூன்று தெருவும் சொட்டு விட்டுக்கொண்டே நடந்து, சீனியம்மாள் வீட்டு முற்றத்தில் பிள்ளையை இறக்குவதுபோல இறக்கிவைத்தார்கள். போகும்போது ஆவுடைத்தாய், "மனசு சங்கடப்படாத மயினி. பன்னெண்டு நாள் குழாய்க்குப் பழகுன ஊருதானே" என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். வெறுங்குடங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் தெருமுனைவரை போனதைச் சீனியம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள். "ஆவுடை, நில்லு! நாளைக்கு ஆறரைக்கு எல்லாரையும் குடத்தைத் தூக்கிட்டு இங்க வரச்சொல்லு."

ஆவுடைத்தாய் விளங்காமல் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா அது என்னுது இல்லியே. அவங்க கட்டுன பலகை, அவங்க எழுதுன எழுத்து. நான் பாத்தேன், அது பெஞ்சது, அவ்வளவுதான். இப்பம் என்னுது. என்னுதுன்னா நான் யாருக்கும் குடுக்கலாம்லா?"

அம்மாவும் மகளும் அரிவாள்மணையை வைத்து மாடசாமியையும் சூரணத்தையும் தனியே வெட்டி எடுத்தார்கள். அந்தத் துண்டு பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு, எழுத்து உள்பக்கமாக, கூரையானது. மிச்சத்தைத் தெருவைப் பார்த்த வெளிச்சுவரில் கயிறு போட்டுக் கட்டினார்கள். அடியில் நிறைமதி நீலப் பெயிண்டில் எழுதினாள்: 'எத்திராஜ், மினிபஸ் டிரைவர். படம் எடுத்தது அவர் மனைவி சீனியம்மாள்.' மனைவி என்ற சொல்லுக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து கொஞ்சம் மேலேறிப் போனது.

மறுநாள் காலையில் குடங்கள் வந்தன. தெரு நிறைந்து, திருப்பம் வரைக்கும் வரிசை நின்றது. கதவைத் திறந்துகொண்டு வந்த சீனியம்மாளின் இடுப்பிலும் ஒரு குடம் இருந்தது. அந்தத் தண்ணீரை ஆறு வாரமாக மகள் குளிக்கப் பிடித்தாள், ஊரே பிடித்தது. சீனியம்மாள் ஒரு சொம்புகூடத் தனக்கென்று பிடித்ததில்லை, யாரும் கவனித்ததுமில்லை. "நீ முன்னால வா மயினி" என்று ஆவுடைத்தாய் ஒதுங்கி வழிவிட்டாள். "எம்புட்டு நேரமானாலும் ஆகட்டும், வரிசைன்னா வரிசைதான்" என்று சொல்லிவிட்டு, சீனியம்மாள் நடந்து நடந்து, கடைசியாக நின்ற பெண்ணுக்கும் பின்னால் போய் நின்றுகொண்டு, அத்தனை தலைகளுக்கும் மேலாக அவர் முகத்தைப் பார்த்தாள்.